கோலா தெர்லா வீட்டுக்கு ஒரு கையெழுத்து

எஸ்டேட் கிராணி வீடு, கோலா தெர்லா,
11 மார்ச் 2604.

சகோதரி டோரீன் சிரில் அவர்களுக்கு ராஜநாயகம் எழுதிக்கொண்டது.

தபாலில் போகும் கடிதம் என்பதால் ஜப்பான் வருஷத்தையே போட்டிருக்கிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை தானா ராத்தா நில ஆபீசுக்கு வந்து, வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது நீங்கள். நாள் குறித்ததும் நீங்கள். பார்பரா இப்போது இருக்கும் நிலையில், முட்டைக்கோஸ் மூட்டைகள்மேல் உட்கார்ந்து லோரியில் வந்தாள். சாயங்காலம்வரை ஆபீஸ் வாசலில் சாரலில் நின்றோம். கடைசியில் பியூன் வந்து, "விக்கிறவங்க வரலன்னா நீங்க மட்டும் நின்னு என்னா செய்றது லா? வீட்டுக்குப் போங்க" என்றான். எந்த வீட்டுக்கு என்று கேட்க வாய்வரை வந்தது.

எஸ்டேட்டை நடத்தும் ஜப்பான் அதிகாரி, கணக்கெழுதும் எனக்குக் கொடுத்த இந்தக் கிராணி வீட்டை மாதக் கடைசிக்குள் சிப்பாய்களுக்கு ஒழித்துத் தரச் சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்களுக்கு மிச்சம் தொழிலாளர் லயம்தான். இந்தக் காலத்தில் லயத்தில் குடியேறுவது என்றால் என்ன அர்த்தம் என்பதைத் தபாலில் எழுத வேண்டியதில்லை.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு பேச்சு முடித்தோம். நோட்டாக வேண்டாம், பொருளாகக் கொடுங்கள் என்றீர்கள். பார்பராவின் தையல் மெஷினும் அரிசியும் அந்த வாரமே தாப்பாவில் உங்கள் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மீதிக்கு அவளுடைய சங்கிலி தயாராக இருக்கிறது. தயாராக இல்லாதது நீங்கள் ஒருவர்தான். காரணத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ராஜநாயகம்


தாப்பா,
16 மார்ச் 2604.

கிராணியார் அவர்களுக்கு டோரீன் வணக்கம் சொல்லி எழுதுவது.

லோரி கிடைக்கவில்லை. கரி போட்டு ஓடுகிற லோரி மலை ஏறுமா ஏறாதா என்பது டிரைவருக்கே தெரியாது. அதோடு எனக்குக் காய்ச்சல். பார்பராவைச் சாரலில் நிற்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். அதைக் கேட்டு என் அக்காள் கத்தரீன் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

வீடு உங்களுக்குத்தான். என் அப்பா என் பெயரில் எழுதி வைத்தது. வேறு யார் கையெழுத்தும் தேவையில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் நீங்கள் வீட்டுப் பக்கம் போய் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தீர்களாம். பக்கத்துத் தோட்டத்துக் கந்தன் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டு வந்தபோது சொன்னார். கையெழுத்து ஆகாத வீடு இன்னும் என் வீடு. தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

டோரீன்


கோலா தெர்லா,
20 மார்ச் 2604.

சகோதரி டோரீன் அவர்களுக்கு,

எட்டிப் பார்த்தது உண்மைதான். வாங்கப்போகிற வீட்டை எட்டிப் பார்ப்பது குற்றம் என்று எனக்குத் தெரியாது. பார்பரா தொட்டில் எந்த மூலையில் போடலாம் என்று பார்க்க ஆசைப்பட்டாள். பார்த்தது என்ன தெரியுமா? எல்லா ஜன்னலிலும் உள்பக்கமாகச் சாக்கு அடித்திருக்கிறது. கிறிஸ்மஸின்போது நீங்கள் எங்களுக்கு வீட்டைக் காட்டியபோது அந்தச் சாக்குகள் இல்லை.

நேற்று மறுபடியும் போனேன். அடுப்படிக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பின்பக்கம் வள்ளிக்கிழங்குப் பாத்தியில் புதிதாகத் தோண்டிய மண். கந்தனைக் கேட்டேன். "பன்னி வந்து தோண்டிருச்சுங்க கிராணி" என்றார். பன்றி அடுப்பும் மூட்டுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு களை பிடுங்கப் போய்விட்டார்.

வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவர்களும் குடிவந்துவிட்டார்கள். அப்படித்தானே? கியா பார்ம் பக்கத்து வியாபாரிகள் இப்போது நிலம் தேடி அலைகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். என்னிடம் மெஷின், அவர்களிடம் வேறு என்னவோ. உள்ளதைச் சொல்லிவிட்டால் நானும் வேறு இடம் பார்ப்பேன். கடைசி நேரத்தில் கழுத்தறுக்க வேண்டாம்.

ராஜநாயகம்


தாப்பா,
25 மார்ச் 1944.
(கந்தன் மூலம்)

கிராணியார் அவர்களுக்கு,

இது தபாலில் வரவில்லை. கந்தன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஆகவே நம் வருஷமே போட்டிருக்கிறேன், நேராகவும் பேசுகிறேன்.

வேறு ஆள் யாருக்கும் வீட்டை விற்கவில்லை. அடுப்படியில் கந்தன் விதைக்கிழங்கு வைத்திருக்கிறார். ஈரம் ஏறாமல் இருக்கப் புகை போடுகிறார். சாக்கு அடித்ததும் அவர்தான்.

இப்போது நான் கேட்கிறேன். வீட்டுக்குள் யார், புகை எங்கிருந்து, மண்ணைத் தோண்டியது யார் என்று இத்தனை கேள்வி எதற்கு? நீங்கள் எஸ்டேட்டில் அந்த ஜப்பான் அதிகாரியின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவர். என் கணவர் போன வருஷம் சயாம் ரயில் வேலைக்கு லோரி ஓட்டப் போனவர். போனபின் ஒரு வரி வரவில்லை. அப்படி இருக்க, இந்த மாதம் ஜப்பான் ராணுவப் போலீஸ், அந்தக் கெம்பித்தாய் ஆட்கள், இங்கே வந்து, "உன் புருஷன் எங்கே?" என்று என்னைக் கேட்கிறார்கள். என் அக்காளின் பெட்டி, பானை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்கள். அவர்கள் போன கையோடு உங்கள் கடிதம் வருகிறது: வீட்டுக்குள் யார்?

நான் தனிப் பெண்பிள்ளை. ஆனாலும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று எனக்கும் தெரியும்.

டோரீன்


கோலா தெர்லா,
28 மார்ச் 1944.
(கந்தன் மூலம்)

திருமதி சிரில் அவர்களுக்கு,

என்னை உளவாளி என்கிறீர்கள். நேராகவே எழுதியிருக்கலாம், ஒன்றும் ஒன்றும் கூட்டியிருக்க வேண்டாம்.

ஆம், அந்த ஆபீசில்தான் வேலை செய்கிறேன். வெள்ளைக்கார துரை ஓடிப்போனபின், லயத்தில் யாருக்கு எவ்வளவு அரிசி என்று யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தும் என் சொந்தத் தம்பியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கிரகரியை லயத்திலிருந்துதான் பிடித்தார்கள். சினிமா காட்டுகிறோம் என்று வரிசையில் நிற்க வைத்து, அப்படியே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் சயாம்தான். அவனிடமிருந்தும் ஒரு வரி இல்லை. லயத்துக்குப் போக மாட்டேன் என்று நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

இனிக் கெஞ்சப் போவதில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் வீட்டை ஒழிக்க வேண்டும். அன்று சாமான்களோடு உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோம். கையெழுத்தை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போடுங்கள். வேண்டாம் என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போலீசில் சொல்லுங்கள்.

ராஜநாயகம்


தாப்பா,
30 மார்ச்.

வராதீர்கள். பார்பராவின் வயிற்றுப் பிள்ளைமேல் ஆணையாகக் கேட்கிறேன், வராதீர்கள். மெஷினை அனுப்பிவிடுகிறேன். அரிசி செலவாகிவிட்டது, அதையும் எப்படியாவது தருகிறேன். வேறு இடம் பாருங்கள்.

டோ.


கோலா தெர்லா,
உங்கள் வீட்டிலிருந்து,
2 ஏப்ரல் 1944.
(கந்தன் மூலம். படித்தவுடன் அடுப்பில் போடவும்.)

சகோதரி டோரீன் அவர்களுக்கு,

உங்கள் துண்டுச் சீட்டு வந்தது. கந்தன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலிப் படலை மறித்து நின்றார். அப்போது நாங்கள் கைவண்டியோடு வந்துவிட்டோம்.

"இன்னிக்கு வேணாங்க கிராணி. நாளைக்கி வாங்க."

"எனக்கு நாளைக்கின்னு ஒரு வீடு இல்ல கந்தா. வழிய விடு."

சீட்டைப் படித்ததும் என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கி, எதிரே இருக்கிற மிளகாய்ச் செடிகூடத் தெரியவில்லை. பார்பராவை டிரங்குப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு, அடுப்படிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன்.

உள்ளே ஒரு ஆள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார். அது சிரில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த சிரில் லோரிச் சக்கரத்தைத் தனியாகத் தூக்கி மாட்டுகிறவர். இது தோல் போர்த்திய எலும்பு. காலில் சாக்குத் துணிக் கட்டு.

"யாரு?" என்றேன்.

"இது என் வீடு. நீங்க யாரு?"

"உங்க சம்சாரம் எனக்கு வித்துட்டாங்க."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னும் என் வீடுதான்" என்றார். சொல்லிவிட்டு நிற்க முடியாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மண்வெட்டியை மட்டும் விடவில்லை.

பின்னாலேயே பார்பரா வந்துவிட்டாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு இருவரையும் பார்த்தாள். "சண்டை போடுறதுன்னா ரெண்டு பேரும் வெளிய போய்ப் போடுங்க. நான் உக்காரணும்."

அவளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். சயாமிலிருந்து ஓடி வந்தவர், இவரை வீட்டில் வைத்திருந்தால் நம் தலை போய்விடும் என்றேன். "லயத்துக்குப் போனா மட்டும் தலை இருக்குமா? கிரகரி எங்க இருந்து போனான்?" என்று கேட்டாள். சாமான்களை இறக்கினோம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதை முன்பே சொல்லியிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். சொல்லாமல் இருந்ததால், எங்களை இதற்குள் மாட்டிவிட்டு நீங்கள் தப்பிக்கப் பார்த்தீர்களோ என்று இன்னும் என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ராஜநாயகம்


தாப்பா,
7 ஏப்ரல் 1944.
(கந்தன் மூலம்)

கிராணியார் அவர்களுக்கு,

மாட்டிவிட நினைத்திருந்தால் வராதீர்கள் என்று எதற்கு எழுதுகிறேன்?

நடந்தது இதுதான். கையெழுத்துப் போட நான் புறப்பட இருந்ததற்கு முந்தின நாள் கந்தன் வந்து, அவர் வந்துவிட்டார் என்றார். எல்லையைத் தாண்டிச் சரக்கு ரயிலிலும் நடந்தும் வந்திருக்கிறார். வீடு விற்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது. நான் மலைக்கு வரலாம் என்றால், இங்கே அக்காள் வீட்டு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். நான் பஸ் ஏறினால் அவனும் ஏறுவான். நான் எங்கே போகிறேனோ அங்கேதான் அவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். விற்றால் அவருக்கு ஒளிய இடமில்லை. விற்காவிட்டால் நீங்கள் விடுவதாக இல்லை. எழுதினால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேஜை கண்முன் வருகிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது எல்லாம் உங்கள் கையில். என்ன வேண்டும்? வீட்டைச் சும்மா எடுத்துக்கொள்கிறீர்களா? எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் உயிரோடு உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று நான் எப்படி நம்புவது? எங்கள் கல்யாணத்தன்று மாதா கோவில் வாசலில் என்ன நடந்தது என்று அவரைக் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் அவரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

டோரீன்


கோலா தெர்லா,
12 ஏப்ரல் 1944.
(கந்தன் மூலம்)

சகோதரி டோரீன் அவர்களுக்கு,

கேட்டேன். உங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்த லோரி கோவில் வாசல் சேற்றில் புதைந்துவிட்டதாம். உங்கள் அப்பா கோட்டைக் கழற்றாமலே பின்னால் நின்று தள்ளினாராம். சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி அடித்து அவரை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டதாம். சாமியார் அவரை யாரோ கூலியாள் என்று நினைத்து, "வெளிய நில்லுப்பா" என்றாராம். சொல்லும்போதே சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு இருமல் வந்துவிட்டது.

எழுதித் தர மாட்டார். "என் கையெழுத்து ஒரு தாள்ல இருந்தா மூணு குடும்பம் போயிடும்" என்கிறார். அது சரிதான்.

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்டால், காவல்காரர்கள் போல இருக்கிறோம். அவர் மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறார். நாங்கள் எங்கள் அறைக் கதவுக்குத் தாழ் போட்டு, டிரங்குப் பெட்டியையும் தள்ளி வைக்கிறோம். நான் ஆபீஸ் புறப்படும்போது, இன்று யாரைக் கூட்டிக்கொண்டு வருவேனோ என்று பார்க்கிறார். நான் திரும்பும்போது, பார்பராவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் பார்க்கிறேன். போன வாரம் சிப்பாய்கள் காய்கறி கேட்டு வந்தபோது கூரைப் பரணில் ஏறி முடங்கிக் கிடந்தார். அவருக்கு இருமல் வந்துவிடக் கூடாதே என்று பார்பரா தானே இருமிக்கொண்டிருந்தாள்.

கிரகரியைப் பற்றிக் கேட்டேன். பார்த்ததில்லை என்றார். பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் பேச்சில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

வீடு சும்மா வேண்டாம். பேசினபடியே தரவும்.

ராஜநாயகம்


தாப்பா,
20 ஏப்ரல் 1944.
(கந்தன் மூலம்)

அந்தச் சிரிப்பை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், அடித்து வாங்கிய பதில் என்றே நினைத்திருப்பேன். பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவருக்குக் காய்ச்சல் என்று கந்தன் சொன்னார். சயாம் காய்ச்சல் விட்டு விட்டு வரும் என்கிறார்கள். எஸ்டேட் மருந்துக் கொட்டகையில் கொய்னா இருந்தால் எப்படியாவது வாங்கிக் கொடுங்கள்.

டோரீன்


கோலா தெர்லா,
19 மே 1944.
(கந்தன் மூலம்)

அன்புள்ள சகோதரிக்கு,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. கந்தன் கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் அக்காள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை நான் ஆபீசில் இருந்தேன். பார்பராவுக்கு நாள் வருமுன்பே வலி வந்துவிட்டது. வீட்டில் சிரில் மட்டும்தான். கந்தன் லோரியோடு தாப்பாவுக்குப் போயிருந்தார். "பொறுத்துக்க அம்மா" என்று சொல்லிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் அவர் வெளியே நடந்துவிட்டார். வெளியே கால் வைக்காதவர் எஸ்டேட் லயம்வரை பகலில், நேர் ரோட்டில் போய், மருத்துவச்சி ருக்குமணியை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். ருக்குமணி வெளியே சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்து கிடந்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஆளுக்கு மருந்து குடுத்தீங்களா?"

அந்த நனைதலோடு காய்ச்சல் திரும்பியது. கொய்னா கேட்டுப் போனேன். யாருக்கு என்று மருந்து கொடுப்பவர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரை கொடுத்தார். மறுபடி போனால் சந்தேகம் வரும் என்று தெரிந்தும் போனேன். இல்லை என்றார்.

பதினேழாம் தேதி விடிந்தபிறகு போய்விட்டார். பார்பரா தலைமாட்டில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமியாரைக் கூப்பிட வழியில்லை. மத்தியானம் மூடுபனி இறங்கியதும் நானும் கந்தனும் தோட்டத்தின் பின்மூலையில் அடக்கம் செய்தோம். புது மண் கண்ணில் படாமல் இருக்க பார்பரா அதன்மேல் சௌசௌ நட்டு, பந்தல் போட்டிருக்கிறாள். கிழங்கு நட்டால் யாராவது தோண்டுவார்கள். சௌசௌவுக்கு மண்ணைத் தொட வேண்டியதில்லை.

நான் என்ன சொல்ல? எங்களால்தான் அவர் மழையில் போனார்.

ராஜநாயகம்


தாப்பா,
24 மே 1944.
(கந்தன் மூலம்)

மிஸ்டர் ராஜநாயகம்,

நல்ல விலைக்கு வாங்கிவிட்டீர்கள்.

இரண்டு மாதத்தில் என் வீடும் போயிற்று, அதில் இருந்த மனுஷனும் போனார். சாமியார் இல்லை, டாக்டர் இல்லை. சாட்சி உங்கள் மனைவியும், உங்கள் காசு வாங்காத கந்தனும். வாங்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற என் புருஷன் மழையில் போனாராம். அவரே போனாரா, அனுப்பினீர்களா? காய்ச்சலா, வேறு ஏதாவதா?

கதைக்கு முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது. எனக்குத்தான் நம்பத் தெரியவில்லை.

டோரீன்


கோலா தெர்லா,
1 ஜூன் 1944.
(கந்தன் மூலம்)

சகோதரி,

உங்கள் கடிதத்தைப் பார்பராவிடம் காட்டவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன்.

என்னிடம் அத்தாட்சி ஒன்றும் இல்லை. இனி உங்கள் பின்னால் ஆள் வந்தாலும் இங்கே கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஆகவே நீங்கள் வரலாம். சொல்லாமலே வாருங்கள். நான் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். கந்தனிடம் கேளுங்கள், லயத்தில் ருக்குமணியிடம் கேளுங்கள். பந்தலுக்கு அடியில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றாலும் நான் தடுக்க மாட்டேன்.

எல்லாம் பார்த்தபிறகும் நாங்கள் போக வேண்டும் என்றால், போய்விடுகிறோம்.

ராஜநாயகம்


தாப்பா,
14 ஜூன் 1944.
(கந்தன் மூலம்)

அண்ணனுக்கு டோரீன் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை வந்தேன். பார்பரா சொல்லியிருப்பாள். நீங்கள் வருவதற்குள் புறப்பட்டுவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அன்று இல்லை.

ருக்குமணியைக் கேட்டேன். கந்தனைக் கேட்டேன். இருவரும் நீங்கள் எழுதியதையே சொன்னார்கள். சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்கள் என்று அப்போதும் நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தேன். பார்பராவிடம் வெடுக்கென்றுதான் பேசினேன். அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

குழந்தை தூங்கியதும் தொட்டிலில் போடக் குனிந்தேன். முட்டைக்கோஸ் பெட்டிப் பலகையில் செய்த தொட்டில். உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். ஆணி முனை வெளியே வந்த இடத்திலெல்லாம் அதை மடக்கி, மேலே தகரத் துண்டு வைத்து அடித்திருந்தது. லோரியில் காய் கிழியாமல் இருக்க அவர் பலகைக்கு அப்படித்தான் அடிப்பார். வேறு யாரும் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. "இதுக்குப் போயி ஒரு நாளாங்க?" என்று நானே எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"எப்ப செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"புள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே செய்ய ஆரம்பிச்சாரு அக்கா. சும்மா உக்காந்திருந்தா சயாம் ஞாபகம் வருதுன்னாரு. தகரம் வேணும்னு என் பழைய பிஸ்கட் டின்ன வெட்டிட்டாரு."

அடைத்து வைத்த மனுஷன் அடுத்தவர் பிள்ளையின் கை கீறிவிடக் கூடாது என்று தகரம் தேட மாட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பார்பராவும் அழுதாள்.

வீடு உங்களுக்குத்தான். சங்கிலி வேண்டாம். பிள்ளைக்குப் போடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பந்தல் இருக்கிற மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொள்வோம். அந்த ஒரு துண்டு என் பெயரிலேயே இருக்கட்டும்.

டோரீன்


கோலா தெர்லா,
19 ஜூன் 1944.
(கந்தன் மூலம்)

தங்கச்சி டோரீனுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் செய்யக் கூடாது.

ஒரு பாய் அகல மண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விற்றால் நில ஆபீசில் என்ன கேட்பார்கள்? அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அளக்க ஆள் வருவான். உங்களைத் தேடி வந்தவர்கள் இன்னும் அவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அகப்பட்டால் நீங்கள், நாங்கள், கந்தன், ருக்குமணி எல்லாரும் போவோம். இதைச் சொல்லும்போது நிலத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றாமல் இருக்காது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதையும் சேர்த்தே எழுதுங்கள். அங்கே மண்வெட்டி படாது. இது என் வாக்கு. வாக்கைத் தவிரக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ராஜநாயகம்


தாப்பா,
24 ஜூன் 1944.
(கந்தன் மூலம்)

அண்ணனுக்கு,

தோன்றத்தான் செய்தது. இரண்டு நாள் தோன்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அக்காள் கத்தரீன், "அவர் பொய்யராக இருந்தால், உன்னைப் பிடித்துக் கொடுத்து வீட்டை எப்போதோ எடுத்துக்கொண்டிருப்பார்" என்றாள். எனக்கு முதலிலேயே தெரிந்ததுதான். வேறொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை முதல் லோரியில் வருகிறேன். மூலை, வேலி, வாய்க்கால் எல்லாம் உட்பட எழுதச் சொல்லுங்கள். பார்பரா அலைய வேண்டாம், நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

நவம்பரில், எல்லாரும் கல்லறைக்குப் போகிற சகல ஆத்துமாக்கள் திருநாளன்று நான் அங்கே வருவேன். பூ, மெழுகுவர்த்தி ஒன்றும் கொண்டுவர மாட்டேன். கூடைதான் கொண்டுவருவேன். பார்ப்பவர்கள் கேட்டால், தாப்பாவிலிருந்து சௌசௌ வாங்க வந்த அம்மா என்று சொல்லுங்கள். பந்தலடியில் கொஞ்ச நேரம் நின்று காய் பொறுக்குவதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போகும்போது ஒன்றிரண்டு பறித்துக் கூடையில் போடுங்கள். வீட்டுக்கு வந்து சமைப்பேன்.

டோரீன்